கறுப்பு நூலில் ஒரு கண்ணி

பின்னேரங்களில் நான் ஏன் சனசமூக நிலையத்துக்கு வருவதில்லை என்று ஆள் மாறி ஆள் கேட்டு அனுப்புகிறீர்கள். ஒருத்திக்குக் கால் நோ என்றேன். இன்னொருத்திக்குக் கண் தெளிவில்லை என்றேன். இரண்டையும் நீங்கள் நம்பவில்லை. விடியக் கோயில் வீதியைச் சுற்றுகிறவளுக்குக் கால் நோவா என்று உங்களில் ஒருத்தி கேட்டாளாம். “தாயைப்போலைதான், பெருமைக்காரி” என்றாளாம் இன்னொருத்தி. யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். அடுத்த முறை அவளுக்கு மாங்காய் அனுப்பவும் மாட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல். வேறொன்றும் இல்லை.

என் பக்கத்து வீட்டுக்காரி கனடாவிலிருந்து திரும்பி வந்து, தன் தாயின் வளவில் வீடு கட்டி இருக்கிறாள். பாலர் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். வந்த புதிதில் அவளுக்குச் சாப்பாடு, தேத்தண்ணி, கதை எல்லாம் என் வீட்டில்தான். பிறகு நீங்கள் கூப்பிட்டீர்கள். “எல்லாரும் சேர்ந்திருந்து பின்னுறம், வாருமன்” என்றீர்கள். போய்விட்டாள். இப்போது பின்னேரம் ஆனால் நூற்பையைத் தோளில் கொளுவிக்கொண்டு என் வாசல் படலையைக் கடந்து போகிறாள். நிலையத்து யன்னலால் நீங்கள் சிரிக்கிற சத்தம் என் குசினி வரைக்கும் வருகிறது. அதற்குள் அவளுடைய சிரிப்பு தனியாகத் தெரிகிறது.

இந்த வயதில் இப்படி எழுத வெட்கம் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த எரிச்சல் நேற்றுப் பிறந்தது அல்ல. எனக்கு முதன்முதலாக எரிச்சல் வந்ததே அவளைப் பார்த்துத்தான். அது அவள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு செய்த காலம். உங்களில் பலர் அங்கே வந்து பயற்றம் பணியாரம் தின்றவர்கள். ஆனால் பந்தலடியில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். உள் அறையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான் அங்கே நின்றேன்.

எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, நான், மூன்று பேர்தான். அப்பா புகையிலைத் தோட்டத்துக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். அம்மா வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டார். கிணற்றடி, குசினி, பிறகு விறாந்தையில் யன்னல் வெளிச்சம் விழுகிற ஒரு மூலை. அந்த மூலையில் இருந்து றேந்தை பின்னுவார். இப்போது கடையில் முழக்கணக்கில் வெட்டித் தருகிறார்களே, அந்த மெசின் றேந்தை இல்லை. நுனி வளைந்த ஒரு சின்ன ஊசியால் நூலைக் கொளுவிக் கொளுவி, ஒவ்வொரு கண்ணியாக எடுத்துப் பின்னுகிற றேந்தை. தலையணை உறைக்கு, முகம் துடைக்கிற லேஞ்சிக்கு, குழந்தைப்பிள்ளையின் தொப்பிக்கு எல்லாம் கரை வைக்கலாம்.

நூற்பந்து நிலத்தில் உருண்டு ஊத்தையாகாமல் ஒரு பித்தளைச் செம்புக்குள் கிடக்கும். செம்பின் வயிறு ஒரு பக்கம் நெளிந்திருந்தது. நூலை இழுக்க இழுக்கப் பந்து உள்ளே புரண்டு மெல்லிய சத்தம் ஒன்று வரும். நான் பள்ளிக்கூடத்தால் வந்து, சோற்றைத் தின்றுவிட்டு, அம்மாவின் முழங்காலோடு ஒட்டிப் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அம்மா கண்ணிகளை வாய்க்குள் எண்ணுவார். உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் நான் கதைக்கக் கூடாது. கதைக்காமல் இருக்கிறதே எனக்கும் பிடித்திருந்தது. அப்பாவின் சாரத்திலிருந்து வருகிற புகையிலை மணமும், அம்மா கை கழுவின தேசிக்காய் மணமும், வெளியில் காகமும். அவ்வளவுதான் எங்கள் பின்னேரம். அது எனக்குப் போதும்.

அம்மாவுக்கும் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் பனையோலை வேலி. அந்த வேலியில் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வழி விட்டிருந்தது. பொட்டு என்போம். அந்தப் பொட்டால் பக்கத்து வீட்டு மாமி வருவார். மாமிக்கு ஊரில் தெரியாத வீடு இல்லை. கலியாண வீட்டில் பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் மாமி, செத்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவில் மாமி, கோயிலில் மாவிடிக்கிற இடத்திலும் மாமி. அங்கே பார்த்தது எல்லாவற்றையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து எங்கள் விறாந்தையில் அவிழ்ப்பார்.

“கேட்டியளே மச்சாள், வடக்கு வீட்டுச் சம்பந்தி பந்தியிலை இருந்து எழும்பிப் போட்டார். ஏனெண்டு சொல்லுங்கோ பாப்பம்?”

“ஏன் மச்சாள்?”

“அப்பளம் அவருக்கு உடைஞ்சது வைச்சிட்டினமாம்!”

அம்மா சிரிப்பார். ஊசியை மடியில் வைத்துவிட்டுச் சிரிப்பார். அம்மாவுக்கு இவ்வளவு வடிவான பல்வரிசை இருக்கிறது என்பதே மாமி வந்தால்தான் தெரியும். நான் முழங்காலடியில் படுத்துக்கொண்டு மாமியைப் பார்த்து வயிறெரிவேன். எனக்கு ஒருநாளும் அம்மா அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு உடைந்த அப்பளக் கதை தெரியாதே.

அம்மா ஏன் வெளியில் போவதில்லை என்று ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. பெருமை. உண்மையில் அம்மாவுக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் வராது. ஒரு வீட்டுக்குப் போனால் எங்கே இருக்கிறது, என்ன கேட்கிறது, எப்போது எழும்புகிறது என்று ஒன்றும் விளங்காது. வியர்த்துப்போவார். ஆனபடியால் தான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் றேந்தையை அனுப்புவார். மாமிதான் கொண்டுபோய்க் கொடுப்பார். வாங்கினவர்கள் வடிவாக இருக்கிறது என்பார்கள், கூடவே, “ஏன், அவ வந்து தந்தால் கால் தேய்ஞ்சு போகுமோ?” என்றும் கேட்பார்கள். அதையும் மாமி கொண்டுவந்து சொல்வார். அம்மா அன்றைக்கு இன்னும் வேகமாகப் பின்னுவார்.

அந்த வருடம் மாரி முடிகிற நேரம் என் சினேகிதி பெரியபிள்ளை ஆனாள். பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றாள். கொழும்பிலிருந்து அவளுடைய பெரியம்மா பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்த பிறகு தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்வது என்று முடிவாயிற்று. மாமியின் தமக்கை அவர். அவர் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு பானை அடுப்பில் ஏறாது.

நான் பொட்டால் நுழைந்து பார்க்கப் போவேன். பாயில் மகாராணிபோல இருப்பாள். உழுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஒன்று மாறி ஒன்று வரும். “எனக்கு அலுத்துப்போச்சுதடி” என்று முகத்தைச் சுழிப்பாள். களி வழித்த சட்டியை எனக்குத் தருவாள். நக்கிக்கொண்டே எரிவேன்.

அதே நேரத்தில் அம்மா ஒரு பெரிய வேலை தொடங்கினார். சந்தன நிற நூல். அன்னாசிப் பூ மாதிரி. ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் விசிறிபோல விரிகிற இதழ். நீண்டுகொண்டே போனது.

“இது என்னத்துக்கு அம்மா?”

“தாவணிக் கரைக்கு.”

“ஆருக்கு?”

அம்மா கண்ணி எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை நான் ஒருத்திதானே. இதில் கேட்க என்ன இருக்கிறது? அம்மா கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்து, பின்னி முடித்த அளவைத் தோளில் போட்டு அலுமாரிக் கண்ணாடியில் பார்ப்பேன். சந்தன நிறம் எனக்குத்தான் எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் பெரியபிள்ளை ஆனால் என்ன, தாவணி எனக்குத்தான் வரப்போகிறது. களிச் சட்டியை நக்கிக்கொண்டு அவளை ஒரு இரக்கத்தோடுகூடப் பார்த்தேன்.

ஒருநாள் மாமி பொட்டால் வந்து, தலைப்புக்குள்ளிருந்து ஒரு றோசாப்பூ நிறப் பட்டுத் துணியை எடுத்து விரித்தார்.

“தாவணித் துணி வந்திட்டுது மச்சாள். பெட்டைக்கு அளவு எடுத்தனான். இந்தா நூல், இவ்வளவு நீளம். றேந்தை காணுமோ?”

“காணும் மச்சாள். இன்னும் ரெண்டு பூ போட்டால் சரி.”

நான் முழங்காலடியில் கிடந்தேன். எழும்பவில்லை. அம்மா துணியின் ஓரத்தில் என் றேந்தையை வைத்துப் பார்த்து, “நல்லா எடுக்குது” என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல இருந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் பல்லை நெறுமினேன். முகம் சுண்டிப்போயிற்று. அப்பா பயந்துபோய்ப் பரியாரியாரைக் கூட்டிவந்தார். பரியாரியார் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்து, “குடலிலை பூச்சி. வேப்பங்கொழுந்தை அரைச்சு வெறுவயித்திலை குடுங்கோ” என்றார். விடிய விடிய உருண்டை உருண்டையாகத் தந்தார்கள். அவளுக்கு உழுந்தங்களி, எனக்கு வேப்பங்கொழுந்து! அத்தனை பெரிய மனிதர்கள் சுற்றி நின்று பார்த்தும், ஒரு பிள்ளை எரிச்சலால் சாகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது பரியாரியார்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

றேந்தை முடிகிற நாள் அம்மா செம்பிலிருந்து நூலை அறுத்துவிட்டு, அலுமாரியின் லாச்சியை இழுத்துத் திறந்து கறுப்பு நூற்கட்டை ஒன்றை எடுத்தார். ஒரு மூலையில் ஒரேயொரு கண்ணியைக் கறுப்பில் எடுத்து, மறுபடி சந்தன நூலால் இறுக்கி மறைத்தார். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

“இதென்ன, கறுப்பு?”

“குழந்தைப்பிள்ளைக்குக் கன்னத்திலை மை வைக்கிறமெல்லே, கண்ணூறு படாமல். அதைப்போலை.” அம்மாவின் முகம் ஏதோ களவு செய்ததுபோல இருந்தது. “எல்லாத்துக்கும் வைக்கிறேல்லை. ஆசையான ஆக்களுக்குச் செய்யேக்கை மட்டும். முந்தி அவளின்ரை தம்பிக்குத் தொப்பி பின்னேக்கை வைச்சனான். மாமிக்குத் தெரியும்.”

“எனக்கு?”

“உனக்கு எப்பவும் செய்யலாந்தானே.”

இந்த ஒரு வசனத்தை நீங்கள் எல்லோரும் உங்கள் வீடுகளிலும் கேட்டிருப்பீர்கள். பெற்ற பிள்ளைக்கு எப்போதும் செய்யலாம், அதனால் இப்போது செய்யத் தேவையில்லை. நான் எழும்பிப்போய் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

சடங்கு நாள் வந்தது. அன்றைக்கு அம்மா ஒரு காரியம் செய்தார். வெளிக்கிட்டார். அப்பாவே நம்பவில்லை. அலுமாரிப் பூச்சி உருண்டை மணக்கிற ஊதாச் சேலையை உடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பொட்டுப் பக்கம் இழுத்தேன். “இல்லை, நல்ல காரியத்துக்குப் படலையாலைதான் போகவேணும்” என்று ஒழுங்கையைச் சுற்றிக்கொண்டு போனார். அம்மாவின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. தான் செய்ததை அந்தப் பிள்ளை உடுத்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவரை அன்றைக்கு வாசல் தாண்ட வைத்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அளவெட்டியிலிருந்து மேளம் வந்து வாசித்துக்கொண்டிருந்தது. உள் அறை முழுக்கப் பெண்கள். தண்ணீர் வார்த்து முடித்து, அவளை நடுவில் நிறுத்தி உடுத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா கதவோரம் சுவரோடு ஒட்டி நின்றார். கொழும்புப் பெரியம்மா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, தாவணியைத் தோளில் எடுத்துக் குத்தப்போனவர் நின்றார்.

“என்ன, மயிர் ஒண்டு ஒட்டிக் கிடக்குது.” நகத்தால் இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். “இது மயிர் இல்லை. பின்னிக் கிடக்குது. கறுப்பு நூல். நல்ல காரியத்துக்குக் கறுப்பு வைச்சுத் தந்தது ஆர்?”

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள்.

“உவ ஒருநாளும் ஒரு வீட்டுக்கும் வெளிக்கிடாதவ. இண்டைக்கு ஏன் வந்தவ?”

“தன்ரை பெட்டை இன்னும் பெரியபிள்ளை ஆகேல்லை. அந்த எரிச்சலாக்கும்.”

“சிவசிவா! கழட்டுங்கோ முதல்லை அதை!”

அம்மாவின் உதடு அசைந்தது, கண்ணி எண்ணும்போது அசைவதுபோல. சத்தம் வரவில்லை. ஒரு வசனம் போதும். குழந்தைக்கு வைக்கிற மைபோல என்று சொன்னால் போதும். எனக்குச் சொன்ன அதே வசனம். அது அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வரவில்லை. நான் மாமியைப் பார்த்தேன். மாமிக்குத் தெரியும். அவருடைய மகனின் தொப்பியில் இருந்ததுதானே. மாமி ஆலாத்தித் தட்டில் வாழைப்பழத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார், பிறகு அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். தமக்கையின் முகத்தை ஒருக்கால் பார்த்தார். குனிந்துகொண்டார்.

பெரியம்மா தாவணியைத் தோளால் இறக்கத் தொடங்கினார். இதைத்தானே நான் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன்! மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் குளிரவில்லை. எரிச்சல்காரி என்று அம்மாவைச் சொல்கிறார்கள். வேப்பங்கொழுந்து தின்றவள் நான். எரிந்தது நான். என்னிடம் இருக்கிற ஒரேயொரு சாமானையும் பறித்து அம்மாவுக்குக் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பட்டதோ என்னவோ, வாய் தன்பாட்டில் திறந்தது.

“அது கண்ணூறுக்கு வைச்சது! குழந்தைப்பிள்ளைக்கு மை வைக்கிறேல்லையோ, அதைப்போலை! அம்மா ஆசையான ஆக்களுக்குத்தான் வைக்கிறவ! எனக்கு வைக்கேல்லை! எனக்கு ஒரு லேஞ்சி கூடப் பின்னித் தரேல்லை! தாவணியும் உவளுக்கு, கறுப்பும் உவளுக்கு, களியும் உவளுக்கு! எனக்கு வேப்பங்கொழுந்து! அம்மாவுக்கு ஒரு எரிச்சலும் இல்லை. எனக்குத்தான் எரிச்சல்! எனக்குத்தான்!”

மூக்கு வடிய வடியக் கத்தினேன். மேளச் சத்தத்துக்கு மேலால் கேட்டிருக்கும். பிறகு யாரோ ஒரு கிழவி பாக்குரலில் இடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“கேட்டியளே? எரிச்சல் தாய்க்கு இல்லையாம். மோளுக்காம்!”

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்தவளுக்கும் தொற்றியது. சொல்லிக்கொடுத்து ஒரு பிள்ளை இப்படி அழாது என்று அங்கே பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா மட்டும் தாவணியைப் பிடித்தபடி நின்றார். அப்போது நடுவில் நின்றவள், அதுவரை குனிந்த தலை நிமிராதவள், சொன்னாள்:

“பெரியம்மா, தம்பியின்ரை தொப்பியிலையும் கிடந்தது. எனக்கு இதைத்தான் கட்டிவிடுங்கோ.”

தாய் சொல்லாததை மகள் சொன்னாள். பெரியம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். மாமி அழத் தொடங்கியிருந்தார். ஊசி மறுபடி பெரியம்மாவின் வாய்க்குப் போயிற்று. நான் அழுதுகொண்டு நிற்க, அவள் என் தாவணியைக் கட்டிக்கொண்டு ஆலாத்திக்கு நடந்தாள். என் தாவணி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அம்மா சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து பார்த்தார்.

அடுத்த நாள் மாமி பொட்டால் வந்தார். விறாந்தைப் படியில் நின்றார்.

“எனக்கு வாய் வரேல்லை மச்சாள்.”

அம்மா பலகையைத் தள்ளிப் போட்டார். “எனக்கும்தானே வரேல்லை. இருங்கோ.”

அவ்வளவுதான். அம்மா அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. மாமி பிறகு கனடாவுக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். போகும் வரைக்கும் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தாலும் சீனியை மட்டுமட்டாகத்தான் போட்டேன்.

ஆனால் பாருங்கள், இதில் உண்மையாக நட்டப்பட்டது யார்? நான்தான். அன்றைக்கு அந்த அறையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பொட்டால் வரத் தொடங்கினார்கள். “மாதிரி ஒருக்கால் காட்டுங்கோவன்” என்று வந்தார்கள். “இந்தப் பூ எனக்கு வருகுதில்லை” என்று வந்தார்கள். பெருமைக்காரி இல்லை, கூச்சக்காரி என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எல்லோருக்கும் அம்மாமேல் ஒரு பாசம். எங்கள் விறாந்தை நிரம்பியது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கப் பழகினார். கலியாண வீடுகளுக்குப் போய் ஓரமாக இருந்து பலகாரம் உருட்டினார். எல்லோருக்கும் அந்தப் பல்வரிசை தெரிந்தது. அம்மாவின் முழங்காலடியில் எனக்கு இடம் இல்லாமல் போயிற்று. செம்புச் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. முந்தி நான் ஒருத்தியைப் பார்த்து எரிந்தேன், பிறகு ஊரையே பார்த்து எரிந்தேன். நானே வாயைத் திறந்து அம்மாவைத் தூக்கி ஊருக்குக் கொடுத்தேனே!

ஒரு நாள் மட்டும் மிச்சம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அம்மா பொட்டில் ஒரு காய்ந்த காவோலையைச் சாத்தி வைப்பார். காவோலையைக் கண்டால் யாரும் வர மாட்டார்கள். மாமிகூட வர மாட்டார். அன்றைக்கு வீட்டில் செம்பும் ஊசியும் நானும் மட்டும். எனக்காகச் சாத்துகிறார் என்று பெருமைப்பட்டேன். தனக்காகவும்தான் சாத்தினார் என்று இப்போது நானும் தனியாக இருக்கும்போது தெரிகிறது. மற்ற நாட்கள் அத்தனையும் திறந்து வைக்க அவருக்கு அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

என் முறை வந்தபோது அம்மா எனக்கும் தாவணி பின்னினார். பச்சைத் துணி, வெள்ளை றேந்தை, மயில் மாதிரி. அவளுடையதைவிட வடிவு, சத்தியமாக. நான் வாங்கினவுடன் நாலு மூலையும் தேடினேன். வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். கறுப்பு இல்லை.

“எங்கை கறுப்பு?”

“உனக்கேன் அது? நான் பக்கத்திலை இருக்கிறனெல்லே.”

இதைப் போய் அவளிடம் சொல்லி அழுதேன். “பார்த்தியே, உனக்கு வைச்சவ, எனக்கு வைக்கேல்லை.” அவள் என்ன சொன்னாள் என்று நினைவில்லை. சிரித்திருப்பாள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஷெல்லடிக்குப் பயந்து எல்லோரும் ஒரே ஒழுங்கையால்தான் ஓடினோம். பச்சைத் தாவணி அலுமாரியில் நின்றது. நெளிந்த செம்பு விறாந்தை மூலையில் நின்றது. அம்மா காணி உறுதிப் பத்திரத்தையும் ஒரு நூற்பந்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். ஊசியை மறந்துவிட்டார். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு இருந்த வீட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பஸ்களும் இரைகிற வீதியோரம், வேறு ஊசி வாங்கிப் பின்னினார். அங்கேயும் அக்கம்பக்கம் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். அங்கேயும் வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தினார். அங்கேதான் கண்ணை மூடினார். நான் பக்கத்தில் இருந்தேன்.

ஆமிக்காரர் காணிகளை விட்ட பிறகு வந்து பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை, பற்றைக்காடு. இப்போது எல்லோரும் மதில் கட்டிவிட்டோம். அவள் கட்டின மதில் என் தலைக்கு மேலே நிற்கிறது. மதிலில் பொட்டு விட முடியாது.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன், “அந்த றோசாத் தாவணி எங்கை?”

“அதோ? மோளின்ரை பொம்மைக்குச் சட்டை தைக்க வெட்டினனான். கனகாலம்.”

வெட்டினாளாம்! பொம்மைக்காம்! அன்றைக்கு எனக்கு வந்தது துக்கமா, ஆறுதலா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவளிடமும் இல்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. பொய் சொல்லி என்ன.

நேற்று மழை விட்டபின் அவள் வந்தாள். ஒழுங்கையைச் சுற்றி, படலையால். உங்களிடம் போகிற நேரம். நூற்பை தோளில் இருந்தது.

“இண்டைக்குப் போகேல்லையோ?” என்றேன், முகத்தைக் கொடுக்காமல்.

“இந்தா.”

ஒரு லேஞ்சி. சுற்றிவர வெள்ளை றேந்தை. நீங்கள் பழக்கினது. ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொய்வு, மூலைகள் நாலும் நாலு விதம். அம்மா பார்த்திருந்தால் இரவோடிரவாக அவிழ்த்துத் திரும்பப் பின்னியிருப்பார்.

“கோணல்தான். ஒண்டும் சொல்லாதை” என்றாள்.

“மூலையிலை மயிர் ஒண்டு ஒட்டிக் கிடக்குது.”

“இழுத்துப் பார்.”

இழுத்தேன். வரவில்லை.

“உன்ரை அம்மா பக்கத்திலை இருக்கேக்கை உனக்கு இது தேவையில்லை எண்டவவெல்லே. நீதானே வந்து என்னட்டை அழுதனீ” என்றாள். “இப்ப அவ இல்லைத்தானே. அதான் நான் வைச்சனான்.”

நான் குசினிக்குப் போனேன். தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன். தண்ணீர் கொதித்த பிறகும் கனநேரம் அங்கேயே நின்றேன். பிறகு முகத்தைக் கழுவித் துடைத்தேன், பழைய துவாயால்தான், லேஞ்சியால் இல்லை. சீனியைத் தாராளமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து கேட்டேன்:

“வேறை ஆருக்கும் கறுப்பு வைச்சுக் குடுத்தனியோ?”

அவள் சிரித்தாள். உங்கள் யன்னலால் கேட்கிற அதே சிரிப்பு. “தேத்தண்ணியைத் தாடி” என்றாள். அது பதில் இல்லை.

ஆகவே நாளைப் பின்னேரம் வருகிறேன். யன்னலடியில் எனக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள். அவள் உங்களில் யார் யாருக்கு என்னென்ன பின்னித் தந்தாளோ, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு மூலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். அவளையும் கூப்பிடாதீர்கள்.